‘ஸ்டியரிங் லூஸ்’ என்றால் எந்த லூஸ்?

வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் இதுதான் விஷயம். கார் வாங்கி 14 மாதம், 19,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதற்கு முன் பல வருடம் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள பழைய காரை ஓட்டியவர். மெதுவாக ஓட்டும்போது குறை எதுவும் தெரியவில்லை. வேகம் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ‘லூசாக’, கையில் பிடிமானம் இல்லாதது போல இருக்கிறது. நேர் சாலையிலும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. முதலிலிருந்தே ஸ்டியரிங் லேசாகத்தான் இருந்ததாம்; இந்த அலைச்சல் மட்டும் சமீபத்தில்தான் தெரிகிறதாம்.

சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை போனார். “ட்ரையல் பார்த்தோம், எலக்ட்ரிக் ஸ்டியரிங் அப்படித்தான் இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நண்பர், பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்திருக்கும் என்கிறார். இன்னொருவர், ஸ்டியரிங் பாக்ஸை அரைச் சுற்று டைட் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சில தகவல்கள்: மைலேஜுக்காக டயரில் எப்போதும் 40 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்யும் வேலை, செய்தாகிவிட்டது. அதற்கு அப்புறம் ஓர் இரவு இடது முன்சக்கரம் பெரிய பள்ளத்தில் இறங்கியது, ‘டயருக்கு ஒன்றும் ஆகவில்லை’. நேராகப் போகும்போது ஸ்டியரிங் சற்று வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது, ‘அது பழகிவிட்டது’. இதெல்லாம் பிரமையா, பழுதா, வாரன்டியில் வருமா, இப்படியே ஓட்டலாமா என்று கேட்கிறார். பக்கத்தில் உட்காரும் மனைவிக்கு எதுவுமே தெரியவில்லை என்பது அவருடைய கூடுதல் குழப்பம்.

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தில் எதைப் பழகிவிட்டது என்று தள்ளினீர்களோ, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் ‘லூஸ்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். சர்வீஸ் சென்டரில் உங்களைத் திருப்பி அனுப்ப வசதியாக இருந்ததே அந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன்.

இந்தப் புகாரோடு வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்வி கேட்பது வழக்கம். ஸ்டியரிங் கைக்கு லேசாக இருக்கிறதா? திருப்பினாலும் சக்கரம் கொஞ்சம் சும்மா நின்றுவிட்டு அப்புறம்தான் திரும்புகிறதா? அல்லது நீங்கள் திருப்பாமலே வண்டி அலைகிறதா? மூன்றையுமே ‘லூஸ்’ என்றுதான் சொல்வார்கள். முதலாவது பெரும்பாலும் பழுதே கிடையாது. இரண்டாவதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் ‘ப்ளே’. எங்கோ ஓர் இணைப்பு தேய்ந்திருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதில் இணைப்புகள் எல்லாம் கெட்டியாக இருந்தாலும் டயரோ, காற்றோ, சக்கரங்கள் நிற்கும் கோணமோ தப்பாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகக் கலந்திருப்பது போலத் தெரிகிறது. சர்வீஸ் சென்டர் முதலாவதுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டது. மூன்றாவதை யாரும் பார்க்கவில்லை.

லேசாக இருப்பது ஏன்?

உங்கள் பழைய காரில் இன்ஜின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றும். ஆயில் அழுத்தம், முன்சக்கரங்களைத் திருப்பும் ‘ராக்’ என்ற பல் வெட்டிய தண்டைத் தள்ளும். சாலையின் சொரசொரப்பு கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கைக்கு வந்துகொண்டே இருக்கும். பல வருடம் அதையே பிடித்த கைக்கு அதுதான் ‘பிடிமானம்’. இப்போதைய காரில் மோட்டார்தான் உதவுகிறது. ஸ்டியரிங் தண்டுக்குள் ‘டார்ஷன் பார்’ என்று ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது அது இம்மி அளவு முறுக்கிக்கொள்ளும். சென்சார் அந்த முறுக்கை அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் வண்டியின் வேகத்தையும் பார்த்து, மோட்டார் எவ்வளவு தள்ள வேண்டும் என்று முடிவு செய்யும். நிறுத்தும்போது நிறைய உதவி, வேகம் கூடக் கூடக் குறைவான உதவி. ஆக, வேகத்தில் ஸ்டியரிங் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் சாஃப்ட்வேர் தீர்மானிக்கிறது. சிலர் அதை லேசாகவே வைத்துவிடுகிறார்கள். எனக்கும் அது பிடிக்காது, ஆனால் பிடிக்காததைப் பழுது என்று சொல்ல முடியாது. உங்கள் காரில் ஸ்போர்ட் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள். பல கார்களில் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். லேன் கீப் அசிஸ்ட் இருந்தால் சோதிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். கோட்டுக்கு நடுவே வண்டியை வைக்க அதுவும் ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டு இழுக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அதையே பழுது என்று நினைத்துவிடுவது உண்டு.

இது உண்மையில் இந்த மாடலின் சுபாவம்தானா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. அதே மாடல் டெமோ வண்டியை அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அது உங்கள் வண்டியைப் போலவே லேசாக இருந்து, ஆனால் அலையாமல் நேராகப் போனால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

ஆயிலும் இல்லை, டைட் வைப்பதும் வேண்டாம்

முதல் நண்பருக்கு: உங்கள் காரில் இருப்பது எலக்ட்ரிக் ஸ்டியரிங் என்று சர்வீஸ் சென்டரே சொல்லியிருக்கிறது. அப்படியானால் குறைவதற்கு அதில் பவர் ஸ்டியரிங் ஆயில் கிடையாது. அதோடு, பவர் ஸ்டியரிங் உதவி நின்றுபோனால் ஸ்டியரிங் கனக்கும், லூசாகாது. ஹைட்ராலிக்கிலும் அப்படித்தான், எலக்ட்ரிக்கிலும் அப்படித்தான்.

இரண்டாவது நண்பரின் யோசனை ஆபத்தானது. ‘ஸ்டியரிங் பாக்ஸ்’ பழைய வண்டிகளிலும் லாரிகளிலும் இருக்கும் சமாசாரம். அதில் ப்ளேயைக் குறைக்க ஒரு ஸ்க்ரூ உண்டு. இன்றைய கார்களில் இருப்பது ராக் அண்ட் பினியன்: ஸ்டியரிங் தண்டின் முனையிலுள்ள ‘பினியன்’ என்ற சிறு பல்சக்கரம் ராக்கை நகர்த்தும். இதிலும் ராக்கைப் பினியன் மேல் அழுத்திப் பிடிக்கும் ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலையிலேயே அளந்து வைத்தது. அதைக் கண்ணால் பார்த்து அரைச் சுற்று இறுக்கினால், கையில் கனமாகத் தெரியும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நம்புவீர்கள். அப்புறம் ஒரு வளைவில் திரும்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் நின்றுவிடும். ‘சரிசெய்து’ வந்த ஒரு வண்டியை நான் ஓட்டியிருக்கிறேன். வளைவு முடிந்த பிறகும் அது வளைவிலேயே இருந்தது. வாரன்டி உள்ள காரில் வெளி ஆள் அதைத் தொட்டால், நாளை ராக்கில் உண்மையிலேயே ஒரு பழுது வந்தாலும் உங்கள் வாதம் எடுபடாது.

பள்ளமும் சாய்ந்த ஸ்டியரிங்கும்

நேர் சாலையில் ஸ்டியரிங் சாய்ந்து நிற்கிறது என்றால், இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை, அல்லது பின்சக்கரங்கள் வண்டியைக் கோணலாகத் தள்ளுகின்றன என்று பெரும்பாலும் பொருள். அலைன்மென்ட் நான்கு மாதத்துக்கு முன் செய்தது உண்மைதான். பள்ளம் அதற்கு அப்புறம் வந்தது. அந்த அடியோடு பழைய அளவு செல்லாமல் போயிருக்கலாம்.

கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஊகம் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களில் ஸ்டியரிங் ராக் சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும். அங்கிருந்து பென்சில் போல ஒரு கம்பி, அதாவது டை ராட், ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகிறது. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதி அந்தக் கம்பி லேசாக வளைந்தால் அதன் நீளம் குறையும். குறைந்தால் சக்கரத்தின் பின்பகுதியை உள்ளே இழுக்கும், முன்பகுதி வெளியே பார்க்கும். இடது சக்கரம் இப்படி இடப்பக்கம் பார்க்க ஆரம்பித்தால், வண்டியை நேராக ஓட்ட நீங்கள் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் எழுதியிருப்பது அதுவேதான்: இடது சக்கரத்துக்கு அடி, வலப்பக்கம் சாய்ந்த ஸ்டியரிங்.

இப்படி முன்சக்கரங்கள் வெளிப்பக்கமாக விரிந்து நிற்பதை ‘டோ அவுட்’ என்பார்கள். அப்படி நிற்கும் வண்டிக்கு நேராகப் போவதில் ஆர்வம் இருக்காது. சாலையின் சின்னச் சாய்வு, பக்கவாட்டுக் காற்று, எதிரே வரும் லாரி, எதற்கும் ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும். குறைந்த வேகத்தில் தெரியாது, 80-க்கு மேல் தெரியும். டை ராடுக்குப் பதிலாக, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருந்தாலும், அதன் இணைப்பிலுள்ள ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து உள்ளே எதுவும் ஆகவில்லை என்று சொல்லிவிட முடியாது. ரப்பர் அடியை வாங்கிக்கொண்டு பழைய உருவத்துக்கு வந்துவிடும், இரும்பு வராது.

இதற்கு மேல் 40 பி.எஸ்.ஐ. வேறு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். அதைவிடக் கூடுதலாக அடித்தால் டயர் நடுவில் உப்பி, சாலையைத் தொடும் பரப்பு குறையும். ஸ்டியரிங் இன்னும் லேசாகும், சின்ன மேடு பள்ளத்துக்கெல்லாம் வண்டி துள்ளும். மைலேஜில் கிடைக்கும் சிறு லாபத்துக்கு டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேய்வதையும், ஈரத்தில் பிரேக் பிடி குறைவதையும் விலையாகக் கொடுக்கிறீர்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை

முதல் வேலை காற்று. வண்டி சில மணி நேரம் நின்று டயர் குளிர்ந்திருக்கும்போது ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நான்கு டயரையும் சரிசெய்யுங்கள். ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அலைச்சல் பாதியாகக் குறைந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்தது ப்ளே. சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிடுங்கள். இன்ஜின் அணைந்திருந்தால் ஸ்டியரிங் கனத்தோ, பூட்டிக்கொண்டோ உங்களை ஏமாற்றும். சக்கரம் நேராக இருக்கட்டும். ஸ்டியரிங் விளிம்பின் உச்சியில் ஒரு டேப் துண்டை ஒட்டி, அதன் பின்னால் அசையாத ஒரு ஸ்கேலைப் பிடிக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் வெளியே நின்று முன் டயரையே பார்க்கட்டும். இரண்டு விரலால் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். டயர் அசைய ஆரம்பிக்கும்வரை டேப் எவ்வளவு நகர்கிறது? பல கார்களின் சர்வீஸ் கையேட்டில் இதற்கு 30 மி.மீ. வரை அனுமதி இருக்கும். அது உச்ச வரம்பு. 14 மாத வண்டியில் சில மி.மீ.யோடு முடிந்துவிட வேண்டும். அசைக்கும்போது ‘டக் டக்’ என்று உள்ளங்கையிலோ காலுக்கடியிலோ ஏதாவது தட்டுகிறதா என்றும் கவனியுங்கள். உள்ளங்கையில் தட்டினால் ஸ்டியரிங் காலமோ (ஸ்டியரிங் தண்டும் அதைத் தாங்கும் கூடும்), அதன் கீழேயுள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டோ, மோட்டாருக்குள் இருக்கும் ரப்பர் கப்ளிங்கோ காரணமாக இருக்கலாம். சக்கரத்தின் பக்கமிருந்து சத்தம் வந்தால் டை ராட் எண்டையும் பால் ஜாயின்ட்டையும் சந்தேகப்பட வேண்டும். ஸ்டியரிங்கை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் லீவரைச் சரியாகப் பூட்டாமல் விட்டு, காலமே ஆடுகிறது என்று புகார் கொடுத்தவர்களும் உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும் வேலையைச் செய்ய வேண்டாம். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அந்தச் சோதனையை லிஃப்ட் உள்ள இடத்தில் செய்யட்டும்.

ஜாப் கார்டில் என்ன எழுத வேண்டும்

சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரைப் பதியும் தாள்தான் ஜாப் கார்டு. அதில் ‘ஸ்டியரிங் லூஸ், செக் செய்யவும்’ என்று எழுதினால் பழைய பதில்தான் வரும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: “80 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி இருபக்கமும் அலைகிறது. நேராக ஓடும்போது ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. இடது முன்சக்கரம் பள்ளத்தில் மோதிய பிறகு. டயர் காற்று ஸ்டிக்கர் அளவில் உள்ளது.” இப்படி எழுதிவிட்டால் ‘மாடலே அப்படித்தான்’ என்பது பதிலாகாது. ட்ரையலுக்கு நீங்களும் கூடப் போங்கள். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் உங்கள் புகார் வெளிவரவே வராது.

பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட் கேளுங்கள். அதில் எனக்கு வேண்டியது திருத்துவதற்கு முன் எடுக்கும் அளவு. மெஷின் அச்சிட்டுத் தரும் தாளில் ‘முன்’ (திருத்துவதற்கு முன்), ‘பின்’ (திருத்திய பின்) என்று இரண்டு வரிசை இருக்கும். பலர் பச்சை நிறத்தில் உள்ள ‘பின்’ வரிசையை மட்டும் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். என்ன உடைந்தது, என்ன வளைந்தது என்ற கதை ‘முன்’ வரிசையில்தான் இருக்கிறது. இடது முன்சக்கரம் மட்டும் வலதிலிருந்து விலகி நின்றால் சந்தேகம் உறுதியாகிறது. பின்சக்கர அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரங்களின் டோ, அதாவது அவை உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம், தவறினாலும் ஸ்டியரிங் சாயும்.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. வளைந்த டை ராடையும் மரையைத் திருகி நீளமாக்கி, அளவைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடலாம். தாள் சுத்தமாக இருக்கும், வளைந்த கம்பி வண்டியிலேயே இருக்கும். லிஃப்டில் வண்டி நிற்கும்போது கீழே போய் நின்று பாருங்கள். டை ராடின் நீளத்தைப் பூட்டி வைக்கும் லாக் நட்டுக்கு வெளியே தெரியும் மரைகளை இடதிலும் வலதிலும் எண்ணுங்கள். ஒன்றிரண்டு வித்தியாசம் சகஜம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பதினான்கு என்றால், அந்தக் கம்பியைக் கழற்றிச் சமதளத்தில் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி ‘நேராக்கி’க் கொடுக்கும் குறுக்கு வழிக்கும் சம்மதிக்காதீர்கள். சக்கரக் கோணல் அப்படியே இருக்கும், ஏர்பேக்கையும் தேவையில்லாமல் கழற்றி மாட்டியிருப்பார்கள். வேலை முடிந்தபின் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஜீரோ செய்ய வேண்டிய கார் என்றால், செய்தார்களா என்று கேளுங்கள்.

வாரன்டி விஷயம்

பள்ளத்தை மறைத்துவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, மனதில் ஓடியிருக்கும். மறைக்காதீர்கள். ரிம்மில் இருக்கும் தழும்பு அவர்களுக்குத் தெரியத்தான் போகிறது. மோதலால் வளைந்த பாகம் பொதுவாக வாரன்டியில் வராது; அலைன்மென்ட்டும் பெரும்பாலும் உங்கள் செலவுதான். உங்கள் காப்பீடு இதற்கு உதவுமா என்று பாலிசியைப் பாருங்கள், ஆனால் சிறிய தொகைக்கு க்ளெய்ம் செய்து அடுத்த வருடச் சலுகையை இழப்பது லாபமா என்றும் கணக்குப் போடுங்கள். மறுபுறம், சோதனையில் மோட்டார் கப்ளிங்கோ ராக்கோ தேய்ந்திருப்பது தெரிந்தால், அது பள்ளத்தால் வந்தது என்று அவர்கள் வாயால் சொன்னால் போதாது. எந்தப் பாகத்தில் எந்த அடையாளத்தை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

முந்தைய இரண்டு முறை கொடுத்த ஜாப் கார்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். வாரன்டி காலத்துக்குள்ளேயே புகார் பதிவானது என்பதற்கு அவைதான் சாட்சி. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, உங்கள் வண்டிக்கு ரீகால் எதுவும் இருக்கிறதா, ஸ்டியரிங்குக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் நேரடியாகக் கேட்கலாம். அதற்குச் செலவு கிடையாது.

ஓட்டலாமா?

சோதனை முடியும்வரை வேகத்தைக் குறைத்து, தேவைக்கு மட்டும் ஓட்டுங்கள். நீண்ட பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆனால் ப்ளே திடீரென்று கூடினாலோ, திருப்பும்போது ‘டொக்’ என்று சத்தம் வந்தாலோ, ஸ்டியரிங்கின் சாய்வு நாளுக்கு நாள் மாறினாலோ, ஒரு சக்கரம் ஆடுவது போலத் தோன்றினாலோ, ஸ்டியரிங் விளக்கு சிவப்பில் எரிந்தாலோ ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்; நிறுத்திவிட்டு, வண்டியை ஏற்றி அனுப்புங்கள். டை ராட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்காது. சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும், கொஞ்ச தூரம் ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவிக்கு ஏன் தெரியவில்லை என்றால், நீங்கள் நொடிக்கு நொடி திருத்திவிடுவதால் வண்டி அவருக்கு நேராகத்தான் போகிறது. அடுத்த முறை ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டு, என்ன பிரச்சினை என்று எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் அவர் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அதையும், அந்த ‘முன்’ வரிசை அளவுகளையும் எனக்கு எழுதுங்கள்.